கேஜ் 1,400 காட்டியது: மகோண்டோ கிணறும் நம்ம ரோ-ஜி-ஹெச்சும்

'டீப்வாட்டர் ஹொரைசன்' படம் பார்த்திருக்கீங்களா? 2016-ல் வந்தது. ஹாஸ்டலில் யாராவது ஒருத்தர் லேப்டாப்பில் கண்டிப்பா இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதில் ஞாபகம் இருப்பது ரிக் தீப்பிடித்து எரியும் காட்சிகள்தான். ஆனால் அதுக்கு முன்னாடி, சில பேர் ஒரு பிரஷர் ரீடிங்கைப் பார்த்து வாக்குவாதம் பண்ணுற காட்சி ஒண்ணு வரும். முதல் தடவை பார்த்தப்போ எனக்கு அது புரியவே இல்லை, ஃபார்வர்ட் பண்ணிட்டேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதி முடிச்சதுக்கு அப்புறம் திரும்பப் பார்த்தேன். படத்திலேயே பயங்கரமான காட்சி அதுதான்னு அப்போதான் தெரிஞ்சது.

எண்ணெய், எரிவாயுத் துறையில் இருக்கிற தொழில்நுட்பச் சவால்கள்னு கேட்டால் பெரிய பட்டியலே போடலாம். நான் ஒரே ஒரு சவாலை மட்டும் எடுத்துக்கிறேன். மூணு, நாலு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் என்ன நடக்குதுன்னு மேலே இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? கேமரா வச்சுப் பார்க்க முடியாது. கையில் இருப்பது அழுத்தம், பாய்வு, எடை, வெப்பநிலை மாதிரி சில எண்கள்தான். அந்த எண்களை வச்சு ஊகிக்கணும். புதுசா வருகிற தொழில்நுட்பங்களில் பாதி இந்த ஊகத்தைக் குறைக்கத்தான் வருது. அது ஏன் உயிர்ப் பிரச்சினைன்னு புரியணும்னா மகோண்டோவுக்குப் போகணும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரைக்கு அப்பால். கடலின் ஆழம் சுமார் 5,000 அடி, அதாவது ஒன்றரை கிலோமீட்டர். மகோண்டோ என்ற கிணறு பி.பி. நிறுவனத்துடையது. அதைத் தோண்டிய மிதக்கும் ரிக்கான டீப்வாட்டர் ஹொரைசன் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துடையது. சிமென்ட் வேலை ஹாலிபர்ட்டன். அன்றைக்கு ரிக்கில் 126 பேர் இருந்தார்கள். இரவு 9.49-க்கு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் ரிக் கடலுக்குள் மூழ்கியது. கிணற்றின் வாயை மூட 87 நாள் ஆச்சு. வெளியே வந்த எண்ணெய் சுமார் 49 லட்சம் பீப்பாய் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது. பின்னாடி வழக்கில், கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இதில் ஒரு விஷயம். அன்றைக்குக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கவில்லை. தோண்டி முடித்து, கேஸிங் குழாய் இறக்கி, சிமென்ட் போட்டு, தற்காலிகமா மூடிவிட்டுக் கிளம்புகிற கட்டத்தில் இருந்தார்கள். வேலை முடிஞ்சது என்று எல்லாரும் நினைக்கிற நேரம். ரிக்கில் ஏழு வருஷமா வேலையிழப்புக் காயம் எதுவும் இல்லை என்பதைப் பாராட்ட இரண்டு நிறுவனங்களின் மேலதிகாரிகளும் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்கள்.

சேறு என்கிற முதல் பூட்டு

கிணறு தோண்டும்போது ட்ரில் பைப் வழியா ஒரு கனமான திரவத்தை உள்ளே அனுப்புவார்கள். ரிக்கில் எல்லாரும் அதை 'மட்' என்பார்கள். பேர்தான் சேறு; உண்மையில் பேரைட் மாதிரி கனமான பொடிகள் கலந்து, அளந்து தயாரிக்கிற திரவம். உடைந்த பாறைத் தூளை மேலே கொண்டு வருவது, பிட்டைக் குளிர்விப்பது என்று அதுக்குப் பல வேலை. முக்கியமான வேலை ஒண்ணுதான்: தன் எடையால் கீழே இருக்கிற எண்ணெயையும் வாயுவையும் அழுத்திப் பிடிப்பது.

நம்ம ரோ-ஜி-ஹெச்சேதான். அடர்த்தி கூடினால் அழுத்தம் கூடும், உயரம் கூடினாலும் கூடும். ரிக்கில் இதை அடி-பவுண்டு கணக்கில் எழுதுவார்கள்:

அழுத்தம் = 0.052 × மட்டின் எடை × ஆழம்

மட்டின் எடை கேலனுக்கு எத்தனை பவுண்டு என்பதில், ஆழம் அடியில், விடை பி.எஸ்.ஐ.-யில். அந்த 0.052 எங்கிருந்து வந்ததுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. ஒரு கன அடியில் 7.48 கேலன். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம். 7.48-ஐ 144-ஆல் வகுத்தால் 0.052. அவ்வளவுதான்.

கிணற்றுக்குள் இந்த அழுத்தம் இரண்டு எல்லைக்கு நடுவில் இருக்கணும். பாறைத் துளைகளில் இருக்கிற திரவத்தின் அழுத்தத்தைவிடக் குறைந்தால் எண்ணெயும் வாயுவும் உள்ளே புகுந்துவிடும். அதுக்குப் பேர் 'கிக்'. கிக்கைக் கவனிக்காமல் விட்டால் ப்ளோஅவுட். சரி, பாதுகாப்புக்கு மட்டை இன்னும் கனமாக்கிடலாமே என்றால், பாறை தாங்கும் அளவைத் தாண்டியதும் அது விரிசல் விடும். மட் மேலே திரும்பி வராமல் பாறைக்குள் போயிடும். மட் மட்டம் இறங்கினால் ஹெச் குறையும், ஹெச் குறைந்தால் அழுத்தம் குறையும், திரும்பவும் கிக். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

நிலத்தில் இந்த இடைவெளி ஓரளவு தாராளமா இருக்கும். ஆழ்கடலில் அப்படி இல்லை. மேலே இருக்கிற 5,000 அடியில் பாறைக்குப் பதிலாக வெறும் தண்ணீர். பாறையைவிடத் தண்ணீர் லேசு என்பதால், கீழே இருக்கிற பாறை மேல்சுமை குறைந்து, சீக்கிரம் விரிசல் விடும். இடைவெளி குறுகிடும். மகோண்டோவில் இது நிஜமாகவே நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அடிப்பகுதியைத் தோண்டும்போது மட் பாறைக்குள் ஓடியது. 20,200 அடி வரை போகத் திட்டம் போட்டிருந்தவர்கள், இதுக்கு மேல் முடியாது என்று 18,360 அடியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் எடுத்த பல முடிவுகளும் இந்தப் பலவீனமான பாறையிலிருந்து வந்தவைதான். சிமென்ட் கனமா இருந்தால் பாறை உடையும் என்பதால் நைட்ரஜன் குமிழ் கலந்த லேசான சிமென்ட், அதுவும் சுமார் 60 பீப்பாய்தான். கேஸிங்கைத் துளையின் நடுவில் பிடிக்கிற சென்ட்ரலைசர்கள் 21 வேணும் என்றது கணினி மாதிரிக் கணக்கு. கையில் இருந்த 6 மட்டும் போட்டார்கள். அந்தக் குமிழ் சிமென்ட் நிலையாக நிற்காது என்று விபத்துக்கு அப்புறம் நடந்த ஆய்வகச் சோதனைகள் காட்டின. சிமென்ட் ஒட்டியிருக்கா என்று ஒலி வைத்துப் பார்க்கிற சோதனைக்காகக் குழு ஒன்று ரிக்குக்கு வந்திருந்தது. மட் இழப்பு இல்லாமல் சிமென்ட் போய்ச் சேர்ந்தது, அதனால் தேவை இல்லை என்று அன்று காலை அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொண்ணையும் தனியா எடுத்தால், 'சரி, காரணம் இருக்கு' என்றுதான் நமக்கும் தோணும். அங்கேதான் மாட்டுது. சிமென்ட் பிடிச்சிருக்கா இல்லையா என்பதைச் சொல்ல இப்போ ஒரே ஒரு சோதனைதான் மீதி.

நீங்களே போடக்கூடிய கணக்கு

அந்தச் சோதனைக்குப் பேர் நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட். யோசனை ரொம்ப எளிது. கிணற்றுக்குள் கனமான மட்டைக் கொஞ்ச ஆழம் வரை எடுத்துவிட்டு லேசான கடல்நீரை வைப்பது. இப்போ மட்டின் பிடி தளர்ந்திருக்கும். சிமென்ட் மட்டும்தான் தாங்கணும். மேலே வால்வைத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து மூடுங்க. பூஜ்ஜியத்திலேயே நின்றால் சிமென்ட் பாஸ். திரும்ப ஏறினால் கீழேயிருந்து யாரோ தள்ளுறாங்கன்னு அர்த்தம். அந்த 'யாரோ' எண்ணெய்த் தேக்கம்.

தோராயமான எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய் இருந்த மணற்பாறையின் ஆழம் சுமார் 18,100 அடி. அங்கே தேக்கத்தின் அழுத்தம் சுமார் 11,850 பி.எஸ்.ஐ. நம்ம பைக் டயரில் முப்பது சொச்சம்தான் அடிப்போம், ஒப்பிட்டுப் பாருங்க. மட்டின் எடை கேலனுக்கு 14 பவுண்டு.

கிணறு முழுக்க மட் இருக்கும்போது: 0.052 × 14 × 18,100 = சுமார் 13,180 பி.எஸ்.ஐ. தேக்கத்தைவிட 1,300-க்கு மேல் அதிகம். கிணறு நம்ம கட்டுப்பாட்டில்.

இப்போ 8,367 அடி வரை கடல்நீர். அதன் எடை 8.6. மேல் பகுதி: 0.052 × 8.6 × 8,367 = சுமார் 3,740. கீழே மீதி 9,733 அடி மட்: 0.052 × 14 × 9,733 = சுமார் 7,090. கூட்டினால் 10,830 பி.எஸ்.ஐ. தேக்கம் 11,850-ல் தள்ளுது. கிட்டத்தட்ட 1,000 பி.எஸ்.ஐ. பற்றாக்குறை.

அதாவது சிமென்ட் கசிந்தால், வால்வை மூடியதும் மேலே இருக்கிற கேஜ் ஆயிரம் சொச்சத்துக்கு ஏறணும். சிமென்ட் நல்லா இருந்தால் பூஜ்ஜியத்தில் நிற்கணும். நடுவில் வேற பதில் கிடையாது.

அன்றைக்கு மாலை ட்ரில் பைப்பில் அழுத்தத்தை இறக்கி மூடினார்கள். ஏறியது. திரும்ப இறக்கினார்கள், 770-ஐத் தாண்டியது. மூணாவது தடவை பூஜ்ஜியத்துக்கு இறக்கி மூடினார்கள். 1,400 பி.எஸ்.ஐ. காட்டியது.

நம்ம கணக்கு தோராயம், அதனால் 1,000-க்கும் 1,400-க்கும் உள்ள வித்தியாசத்தை விடுங்க. கேள்வி அந்த எண் பூஜ்ஜியமா இல்லையா என்பதுதான். பூஜ்ஜியம் இல்லை.

அப்போ ஏன் அவர்கள் நம்பவில்லை? ரிக்கில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. கிணற்றின் வாயிலிருந்து ரிக் வரைக்கும் நீளுகிற ரைசர் குழாயில் இன்னும் கனமான மட் நிற்குது, அது கீழே மூடியிருக்கிற ரப்பர் அடைப்பை அழுத்துது, அந்த அழுத்தம்தான் ட்ரில் பைப்பில் தெரியுது என்று. 'ப்ளாடர் எஃபெக்ட்' என்றார்கள். விசாரித்த நிபுணர்கள் அதுக்கு அடிப்படையே இல்லை என்றார்கள். இருந்தாலும் அந்த நேரத்தில், அனுபவசாலிகள் தெளிவா ஒரு பேர் வைத்துச் சொல்லும்போது, கேட்கிறவங்களுக்குப் புரிஞ்ச மாதிரிதான் இருந்திருக்கும். நாமும் லேபில் ரீடிங் ஒத்துவரலைன்னா 'பாரலாக்ஸ் எர்ரர்'னு எழுதிட்டு வந்தவங்கதானே.

அப்புறம் சோதனையை வேற குழாயில் செய்தார்கள். கில் லைன் என்ற பக்கக் குழாய். அதைத் திறந்தால் ஓட்டம் இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தார்கள், சொட்டு வரவில்லை. சோதனை பாஸ் என்று முடிவு செய்தார்கள். அதே நேரத்தில் ட்ரில் பைப் கேஜ் 1,400-லேயே நின்றுகொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. ட்ரில் பைப், கில் லைன் இரண்டும் கீழே ஒரே கிணற்றுக்குள்தான் திறக்குது. இரண்டிலும் ஒரே திரவம் நிரம்பியிருந்தால், அது பள்ளிக்கூடத்தில் படித்த யூ-குழாய். ஒரு கையில் 1,400, இன்னொரு கையில் பூஜ்ஜியம் என்று இருக்கவே முடியாது. அப்படிக் காட்டினால் ஏதோ ஒரு கை அடைச்சிருக்கு, இல்லை ஒரு வால்வு மூடியிருக்கு. அன்றைக்கு மட்டுக்கும் கடல்நீருக்கும் நடுவில் தடுப்பா அனுப்பிய 'ஸ்பேசர்' திரவம், மட் கசிவை அடைக்க வாங்கி மிஞ்சிப்போன கெட்டியான கலவை. 400 பீப்பாய்க்கு மேல். அது கில் லைனை அடைத்திருக்கலாம். விடை பிடிச்ச குழாயை நம்பினார்கள், பிடிக்காத குழாயை விளக்கிவிட்டார்கள்.

அப்போது இந்தச் சோதனையை எப்படிச் செய்யணும், எது பாஸ், எது ஃபெயில் என்று எழுதப்பட்ட நடைமுறை எதுவும் தொழிலில் இல்லை. அரசு விதியிலும் கட்டாயம் இல்லை. 2010 அக்டோபரில்தான் அமெரிக்காவில் கட்டாயமாக்கினார்கள்.

கடைசி ஒரு மணி நேரம்

இரவு 8 மணிக்கு மேல் ரைசரில் இருந்த மட்டையும் கடல்நீரால் வெளியேற்ற ஆரம்பித்தார்கள். சுமார் 8.52-க்குக் கிணறு ஓட ஆரம்பித்துவிட்டது என்று பின்னாடி கணக்கிட்டார்கள். கனமான மட் போய் லேசான நீர் வரும்போது பம்ப் அழுத்தம் இறங்கிக்கிட்டே வரணும். 9.01-லிருந்து பம்ப் வேகம் மாறாமலே அழுத்தம் மெதுவா ஏறியது. 9.08-க்கு, வெளியே வருகிற திரவத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கா என்று பார்க்கப் பம்புகளை நிறுத்தினார்கள். பம்ப் நின்றால் அழுத்தம் அசையக்கூடாது. அந்த ஐந்தாறு நிமிஷத்தில் 1,017-லிருந்து 1,263-க்கு ஏறியது. திரையில் ஒரு கோடா பதிவாகியிருக்கு. யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அர்த்தம் புரியவில்லை.

ஏன்னு கேட்டால், அந்த நேரத்தில் கண்களைப் பாதி கட்டியே வச்சிருந்தார்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒப்பிட்டால்தான் கிக் தெரியும். ஆனால் அன்று மாலை வெளியே வந்த மட்டைத் தொட்டியிலிருந்து பக்கத்தில் நின்ற கப்பலுக்கு மாற்றினார்கள். தொட்டிகளுக்கு நடுவிலும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் தொட்டி மட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 9.08-க்கு அப்புறம் வெளியே வந்த திரவத்தை நேரா கடலில் விட்டபோது, வழியில் இருந்த ஒரு பாய்வுமானியையும் அது தாண்டிப் போனது. 9.40-ஐ ஒட்டி மட் ரிக் தளத்தில் பொங்கியது. வந்ததைக் கடலுக்குத் திருப்பாமல், சின்ன வாயுக்களுக்கான மட்-வாயுப் பிரிப்பானுக்குத் திருப்பினார்கள். அது தாங்கவில்லை. வாயு ரிக் முழுக்கப் பரவியது. 9.49.

கடல்தரையில் 400 டன் அளவுக்கு, ஐந்து மாடி உயரத்துக்கு நிற்கிற ப்ளோஅவுட் ப்ரிவென்ட்டர், சுருக்கமா பி.ஓ.பி., அதுதானே கடைசிப் பூட்டு? அதில் குழாயையே வெட்டி மூடுகிற பிளேடுகள் உண்டு. ஆனால் உள்ளே இருந்த அழுத்தத்தில் ட்ரில் பைப் வளைந்து ஓரத்துக்குப் போயிருந்தது. பிளேடு நடுவில் இருக்கிற குழாயை வெட்டத்தான் வடிவமைக்கப்பட்டது. முழுசா வெட்டவில்லை, மூடவும் இல்லை. விசாரணையில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் பேட்டரி தீர்ந்திருந்ததும், இன்னொன்றில் ஒரு சாலினாய்டு தப்பா வயரிங் செய்யப்பட்டிருந்ததும் தெரிந்தது. ஒன்றரை கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு பேட்டரியின் நிலையை மேலே யாரும் பார்க்கவில்லை. இதுவும் அதே கண் பிரச்சினைதான்.

அடைக்கப் போனபோது இன்னொரு பாடம். மே மாதம் சுமார் 100 டன் இரும்புப் பெட்டியைக் கசிவின் மேல் கவிழ்த்து எண்ணெயை உறிஞ்சப் பார்த்தார்கள். அந்த ஆழத்தில் தண்ணீர் ஃப்ரிட்ஜ் குளிர், அழுத்தம் ரொம்ப அதிகம். மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி ஹைட்ரேட் ஆகி வாயை அடைத்தது. ஹைட்ரேட் தண்ணீரைவிட லேசு, அதனால் பெட்டியே மிதக்கப் பார்த்தது. ஆழ்கடல் குழாய்களில் இது தினசரித் தலைவலி. மெத்தனால், கிளைக்கால் செலுத்தியும், குழாய்க்கு வெப்பக் காப்பு போட்டும் சமாளிப்பார்கள். கடைசியில் ஜூலை 15-ல் புதுசா செய்த ஒரு மூடி அடுக்கைப் பொருத்தி ஓட்டத்தை நிறுத்தினார்கள். இப்போ அந்த மாதிரி 'கேப்பிங் ஸ்டேக்'குகள் முன்கூட்டியே செய்து தயாரா வைக்கப்பட்டிருக்கு.

இப்போ வருகிற கண்கள்

முதலில் மேனேஜ்டு பிரஷர் ட்ரில்லிங். சாதாரணமா தோண்டும்போது கிணற்றின் வாய் காற்றுக்குத் திறந்திருக்கும். அழுத்தத்தை மாற்றணும்னா மட்டின் எடையை மாற்றணும், அதுக்கு மணிக்கணக்கு ஆகும். இந்த முறையில் சுழலும் குழாயைச் சுற்றியே ஒரு அடைப்பு போட்டு வாயை மூடிவிடுவார்கள். திரும்பி வருகிற மட் ஒரு சோக் வால்வு வழியாத்தான் வரும். வால்வைக் கொஞ்சம் மூடினால் கிணறு முழுக்க அழுத்தம் கூடும், திறந்தால் குறையும். நிமிஷக் கணக்கில் வேலை முடியும். மூடிய சுற்று என்பதால், வழியில் கொரியாலிஸ் பாய்வுமானி வைத்து உள்ளே போனதுக்கும் வெளியே வந்ததுக்கும் சின்ன வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கலாம். மகோண்டோ மாதிரி குறுகிய இடைவெளிக் கிணறுகளைத் தோண்ட இது பெரிய உதவி. ஆனால் அந்த விபத்து நடந்தது தோண்டும்போது இல்லையே, மூடிக் கிளம்பும்போது. கிளம்பும் கட்டத்திலும் இந்தக் கருவி வேலை செய்தால்தான் பிரயோஜனம். விளம்பரங்களில் இந்த வரி வராது.

இரண்டாவது, தகவல் மேலே வருகிற வழி. பிட்டுக்குப் பக்கத்தில் சென்சார் இருக்கு, சரி. அதன் ரீடிங் மேலே எப்படி வரும்? பழைய முறை, மட்டிலேயே அழுத்தத் துடிப்புகளை அனுப்புவது. மோர்ஸ் கோட் மாதிரி. நொடிக்குச் சில பிட்டுகள், நல்லா இருந்தால் சில பத்து பிட்டுகள். பம்ப் நின்றால் அதுவும் இல்லை. நம்ம வாட்ஸ்அப் போட்டோ ஒன்று இதில் வர நாள் கணக்கா ஆகும். வயர்டு ட்ரில் பைப் என்பதில் குழாய்ச் சுவருக்குள்ளேயே கேபிள். இரண்டு குழாய் திருகிச் சேரும் இடத்தில் கம்பி தொடத் தேவையில்லை. தூண்டல் சுருள்கள் வழியா சிக்னல் தாவும். நொடிக்கு 57,600 பிட்டுகள். பம்ப் நின்றாலும் கீழே இருக்கிற அழுத்தம் தெரியும். விலைதான் அதிகம், நூற்றுக்கணக்கான இணைப்புகளில் ஒன்று கெட்டாலும் வரிசை முழுக்க நிற்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபைபர். கேஸிங்குக்கு வெளியே சிமென்டோடு சேர்த்து ஒரு ஒளியிழையை இறக்கிவிடுவது. மேலேயிருந்து லேசர் துடிப்பு அனுப்பினால், இழையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சூண்டு ஒளி திரும்பச் சிதறும். அந்தச் சிதறலில் வருகிற மாற்றத்தை வைத்து வெப்பநிலை, அதிர்வு இரண்டையும் மீட்டர் மீட்டரா படிக்கலாம். கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஒரே சென்சார். சிமென்ட் இறுகும்போது வெப்பம் விடும்னு சிவில் நண்பர்களுக்குத் தெரியும். எந்த ஆழத்தில் சூடாச்சு, எங்கே ஆகலை என்று பார்த்தால் சிமென்ட் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். பின்னாடி எங்கேயாவது வாயு கசிந்தால் அந்தச் சத்தமும் கேட்கும். ஆனால் 18,000 அடிக்கு இழையை உடையாமல் இறக்குவது, கடல்தரையில் இணைப்புக் கொடுப்பது, வெப்பத்திலும் ஹைட்ரஜனிலும் கண்ணாடி மங்காமல் காப்பது எல்லாம் பெரிய வேலை.

மூணாவது, ரிக்குக்குப் பக்கத்திலேயே ஓடுகிற கணினிக் கிணறு. 'டிஜிட்டல் ட்வின்' என்பார்கள். பேர் பெரிசு, அடிப்படை மேலே நாம் போட்ட அதே கணக்குதான், உராய்வு, வெப்பநிலை எல்லாம் சேர்த்து நொடிக்கு நொடி போடுவது. இப்போ அழுத்தம் இவ்வளவு இருக்கணும், கேஜ் இவ்வளவு காட்டுது, வித்தியாசம் வளருது என்று சொல்லும். 9.01-க்கு இறங்க வேண்டியது ஏறுதுன்னு அது கட்டாயம் கவனிக்கும், ஏன்னா அதுக்கு டீ இடைவேளை கிடையாது. கரையில் இருக்கிற கட்டுப்பாட்டு அறையில் இன்னொரு குழுவும் அதே திரையைப் பார்க்கும்.

இதில் சிக்கல் பொய் அலாரம். ரிக் அலையில் ஏறி இறங்கும்போதே தொட்டி மட்டம் ஆடும், பாய்வும் ஆடும். ஒரு ஷிஃப்டில் இருபது தடவை சும்மா கத்தினால் இருபத்தொன்றாவது தடவை ட்ரில்லர் அதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். அதனால் மெஷின் லர்னிங் வைத்து அலை அசைவையும் உண்மையான கிக்கையும் பிரிக்கப் பார்க்கிறார்கள். பயிற்சிக்கு டேட்டா வேணும். சாதாரண நாட்களின் டேட்டா மலை மாதிரி இருக்கு, கிக் நடந்த நிமிஷங்களின் டேட்டா கொஞ்சம்தான். ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கலாம்.

பி.ஓ.பி.-யும் மாறியிருக்கு. குழாய் ஓரத்தில் இருந்தாலும் நடுவுக்குத் தள்ளி வெட்டுகிற பிளேடு வடிவங்கள் வந்துவிட்டன. பிளேடு எவ்வளவு நகர்ந்தது, கட்டுப்பாட்டுப் பெட்டி நல்லா இருக்கா என்று சொல்லும் சென்சார்களும் வருகின்றன.

இதெல்லாம் நம்ம ஊருக்குத் தூரம்னு நினைக்காதீங்க. 1995-ல் ஆந்திராவின் பாசர்லபூடியில் நிலத்தில் இருந்த கிணறு ப்ளோஅவுட் ஆகி 65 நாள் எரிந்தது. இன்றைக்குக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிறோம். நம்ம சீனியர்கள் போய் உட்காரப்போகிற நாற்காலிகள் அங்கேயும் இருக்கு. அழுத்தமும் ஏறிக்கிட்டே போகுது: 2024 ஆகஸ்டில் மெக்சிகோ வளைகுடாவில் ஷெவ்ரான் நிறுவனத்தின் ஆங்கர் திட்டம் 20,000 பி.எஸ்.ஐ. தாங்கும் கருவிகளோடு உற்பத்தியைத் தொடங்கியது.

கடைசியா உங்களுக்கு ஒரு கணக்கு. மகோண்டோவில் கடைசி சிமென்ட் அடைப்பைக் கடல்தரைக்கு 3,300 அடி கீழே வைக்கத் திட்டமிட்டதால்தான் 8,367 அடி வரை கடல்நீர் போட வேண்டி வந்தது. வழக்கம்போல 1,000 அடி கீழே வைக்க முடிவு செய்திருந்தால், கடல்நீர் 6,067 அடி வரைதான். மற்ற எண்கள் எல்லாம் அதேதான். நம்ம 1,000 பி.எஸ்.ஐ. பற்றாக்குறை இப்போ எவ்வளவா இருக்கும்? கால்குலேட்டர் எடுங்க. 400-க்குக் கொஞ்சம் கீழே வந்தால் சரியா போட்டிருக்கீங்க.